காலடியில் கங்கை... வயலுக்கு வானம்!
ரிஷிகேஷ் ரப்பர் படகுகளும் மலை விவசாயிகளின் கணக்கும்

பங்குனி முடிந்து சித்திரை பிறக்கும் நேரம். உத்தராகண்ட் மாநிலம், ரிஷிகேஷுக்கு மேலே சிவபுரி என்ற சிற்றூரில் காலை ஒன்பது மணிக்கே சாலை அடைத்துக்கொள்கிறது. ஒவ்வொரு ஜீப்பின் தலையிலும் காற்றடைத்த ரப்பர் படகு ஒன்று கவிழ்த்துக் கட்டப்பட்டிருக்கிறது. ஆரஞ்சு நிற லைஃப் ஜாக்கெட்டும் ஹெல்மெட்டும் மாட்டிய இளைஞர் கூட்டம், துடுப்பைத் தோளில் சாத்திக்கொண்டு கங்கைக் கரைக்கு இறங்குகிறது. டெல்லி, குர்கான், சண்டிகர்க்காரர்கள்தான் அதிகம். இடையிடையே தமிழ்ப் பேச்சும் காதில் விழும்.

அதே நேரத்தில் தலைக்கு மேலே, மலைச்சரிவில் படிக்கட்டு படிக்கட்டாக வெட்டிய வயல்களில் கோதுமை பழுத்து நிற்கிறது. அந்தக் கோதுமைக்கு ஒரு தண்ணீர்கூடக் கங்கையிலிருந்து பாயவில்லை. குளிர்காலத்தில் பெய்த இரண்டு மூன்று மழையை நம்பி விளைந்த பயிர் அது. கங்கை ஓடுவது பள்ளத்தில், வயல் இருப்பது பல நூறு அடி உயரத்தில். தண்ணீரை மேலே ஏற்ற வழியில்லை. ஏற்றினாலும் செலவு கட்டுப்படியாகாது. நாட்டின் மிகப்பெரிய ஆற்றை நாள் முழுக்கப் பார்த்துக்கொண்டே மானாவாரி விவசாயம் பார்க்கிற மக்கள் இவர்கள்.

அந்த ஆற்றிலிருந்து ஏதோ ஒரு மகசூல் எடுக்க இவர்கள் பிள்ளைகளுக்கு வாய்த்த வழி, ரப்பர் படகின் பின்முனையில் உட்கார்ந்து துடுப்புப் பிடிப்பது. அது எப்படி நடக்கிறது, யாருக்கு எவ்வளவு மிஞ்சுகிறது என்பது விவசாயக் குடும்பங்கள் யோசிக்க வேண்டிய சங்கதி.

பனி உருகினால் படகுக்குப் பருவம்

தேவப்பிரயாகையில் பாகீரதியும் அலக்நந்தாவும் கலந்த பிறகுதான் ஆற்றுக்குக் கங்கை என்று பெயர். அங்கிருந்து ரிஷிகேஷ் வரை சாலை வழியே சுமார் 70 கிலோமீட்டர். இந்த இடைவெளியில் கௌடியாலா என்ற ஊரிலிருந்து கீழேதான் படகுப் பயணங்கள் தொடங்குகின்றன. பிரம்மபுரியில் ஏறினால் சுமார் 9 கிலோமீட்டர், சிவபுரியில் ஏறினால் 16, மரைன் டிரைவ் என்ற இடத்தில் ஏறினால் 24 அல்லது 25, கௌடியாலாவிலிருந்து என்றால் 35 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் கூட. எல்லாப் படகும் கடைசியில் ரிஷிகேஷுக்கு மேலேயே கரை ஒதுங்கிவிட வேண்டும். அதற்குக் கீழே பசுலோக் தடுப்பணை இருக்கிறது.

மார்கழி, தை மாதங்களில் இங்கே கங்கை பச்சைப் பளிங்காக, அளவாக ஓடும். மாசி பிறந்து வெயில் ஏறினால் மேலே பனி உருக ஆரம்பிக்கும். சித்திரை, வைகாசியில் நீர்வரத்து கூடக்கூட நிறம் மங்கி, அலை உயரும். வசந்த காலமே படகுக்காரர்களின் அறுவடைக் காலம். ஜூன் இறுதியில் மழை இறங்கியதும் ஆறு சேற்றுக் குழம்பாகி, மரத்தையும் பாறையையும் உருட்டிக்கொண்டு வரும். ஜூலை, ஆகஸ்ட் இரண்டு மாதமும் படகு விட அனுமதி இல்லை. மறுபடி செப்டம்பரில்தான். ஒகேனக்கல்லில் காவிரி வரத்து கூடினால் பரிசலுக்குத் தடை போடுவார்களே, அதே நியாயம்தான்.

பனி மட்டும் இந்த ஆற்றின் அளவைத் தீர்மானிப்பதில்லை. பாகீரதியின் குறுக்கே தெஹ்ரி அணை நிற்கிறது. உயரம் 260 மீட்டர். இந்தியாவின் மிக உயரமான அணை இதுதான். மேட்டூரைவிடக் கூடுதலான நீரைத் தேக்குகிறது. அலக்நந்தாவில் ஸ்ரீநகர் நீர்மின் திட்டம் இருக்கிறது. (காஷ்மீர் ஸ்ரீநகர் இல்லை, கர்வால் மலையில் அதே பெயரில் ஓர் ஊர்.) மின்சாரத் தேவை ஏறும் நேரத்தில் டர்பைன் ஓடும், தண்ணீர் கூடும். தேவை இறங்கினால் தண்ணீரும் இறங்கும். அதனால் காலையில் ஒரு பாறை தலை காட்டும், மத்தியானம் அதே பாறை முழுகியிருக்கும். படகோட்டி ஒவ்வொரு முறையும் ஆற்றைப் புதிதாகப் படித்துத்தான் ஆக வேண்டும்.

பரிசலுக்குத் தம்பி முறை

பரிசல் ஓட்டிப் பழகியவர்களுக்கு இந்தப் படகின் சூத்திரம் சட்டென்று பிடிபடும். பரிசலுக்கு முன்பக்கம், பின்பக்கம் கிடையாது, அடிப்பக்கம் தட்டை. அதனால்தான் கல் இருக்கிற ஆற்றில் உரசிக்கொண்டு போகிறது. ரப்பர் படகும் அடி தட்டைதான். ஆனால் நீளவாக்கில் இருக்கும். சுற்றிலும் தடித்த காற்றுக் குழாய்கள். அந்தக் குழாய்க்குள் தனித்தனி அறைகள் உண்டு. ஒன்று கிழிந்தாலும் மற்றவை படகைத் தாங்கும். தரையும் காற்றடைத்த மெத்தைதான். அதன் ஓரங்களில் துளை விட்டுக் கயிற்றால் பின்னியிருப்பார்கள். அலை உள்ளே கொட்டிய தண்ணீர் தானாக வடிந்துவிடும். இறைக்க ஆள் வேண்டாம்.

ஒரு படகில் எட்டு பேர் வரை உட்காருவார்கள். பின்னால் வழிகாட்டி. அவர் 'ஃபார்வர்டு' என்றால் முன்னோக்கித் துழாவ வேண்டும், 'பேக்' என்றால் பின்னோக்கி, 'ஸ்டாப்' என்றால் துடுப்பை மடியில் வைத்துவிட வேண்டும். உட்காருவது படகின் நடுவில் இல்லை, விளிம்புக் குழாயின் மேல். கால் விரல்களைக் குறுக்குக் குழாயின் அடியில் செருகிக்கொள்ள வேண்டும். வேகமான தண்ணீரில் துடுப்புப் போடுகிற படகுதான் சொன்ன பேச்சைக் கேட்கும். பயந்துபோய் துடுப்பை மடக்கிக்கொண்டால், மாடு இல்லாத வண்டி மாதிரி தண்ணீர் இழுத்த பக்கம் போய்விடும்.

இதே ரப்பர் குழாயில் ஒருவர், இருவர் மட்டும் உட்காரும் சின்னப் படகும் உண்டு. காற்றடைத்த கயாக். படகுக்காரர்கள் அதை 'டக்கி' என்பார்கள், வாத்துக்குட்டி மாதிரி மிதப்பதால் இருக்கலாம். இதில் வழிகாட்டி கூட உட்கார மாட்டார், பக்கத்தில் வேறு கயாக்கில் வருவார். கையில் இரண்டு பக்கமும் தட்டை உள்ள துடுப்பு. இடதுபக்கம் ஒன்று, வலதுபக்கம் ஒன்று என்று மாற்றி மாற்றிப் போட வேண்டும். பெரிய படகில் எட்டுப் பேரில் ஒருவர் சும்மா இருந்தாலும் தெரியாது. இதில் ஏமாற்ற முடியாது. கவிழ்ந்தால் ஆள் வெளியே விழுவார், படகைப் பிடித்துக்கொண்டு மறுபடி ஏற வேண்டும். நெட்டான பிளாஸ்டிக் கயாக்கில் இடுப்பு உள்ளே மாட்டியிருக்கும், தலைகீழானால் நிமிர்த்தத் தனிப் பயிற்சி வேண்டும். அந்தத் தொல்லை டக்கியில் இல்லை. அதற்காக முதல் நாளே பெரிய அலையில் இறங்கலாம் என்று அர்த்தம் இல்லை.

பாறைகளுக்கு இடையே ஆறு குறுகிப் பொங்கும் இடத்தை 'ராப்பிட்' என்கிறார்கள். அதன் கடுமையை 1 முதல் 6 வரை தரம் பிரித்திருக்கிறார்கள். 1 என்றால் சலசலப்பு. 6 என்றால் உயிரைப் பணயம் வைப்பது. ரிஷிகேஷ் பாதையில் பெரும்பாலும் 1 முதல் 3 வரை, சில இடங்களில் 4. ஒவ்வொன்றுக்கும் ஆங்கிலப் பெயர்: ரோலர் கோஸ்டர், கோல்ஃப் கோர்ஸ், த்ரீ பிளைண்ட் மைஸ், ரிட்டர்ன் டு செண்டர். வியாசிப் பக்கம் 'தி வால்' என்று ஒன்று இருக்கிறது. பெயருக்கு ஏற்றபடி தண்ணீர் சுவராக எழும். நீர்வரத்து அதிகமான நாளில் பயணிகளை இறக்கிக் கரையோரமாக நடக்க வைத்துவிட்டு, படகை மட்டும் கொண்டுபோவதும் உண்டு. அதைக் கோழைத்தனம் என்று நினைக்கிற பயணிதான் ஆபத்தான பயணி.

கேழ்வரகும் குதிரைவாலியும் விளையும் மலை

படகில் ஏறுகிறவர்கள் அநேகமாக அண்ணாந்து பார்ப்பதில்லை. பார்த்தால் தமிழ்நாட்டு விவசாயிக்கு அந்த வயல் அந்நியமாகவே இருக்காது. அங்கே மண்டுவா என்று சொல்வது நம்ம ஊர் கேழ்வரகு. ஜங்கோரா என்பது குதிரைவாலி. கஹத் என்றால் கொள்ளு. மழையை நம்பிய மேட்டு நிலத்துக்கு 'உகட்' என்று பெயர். மலை மாவட்டங்களில் பெரும்பகுதி உகட் நிலம்தான். ஓடையோரத்தில் மட்டும் 'கூல்' என்ற சிறு வாய்க்கால் வெட்டி, ஓடைத் தண்ணீரைத் திருப்பி நெல் நடுகிறார்கள்.

அப்படி ஓர் ஓடைதான் ஹேன்வல். சம்பா பக்கத்து மலைகளில் பிறந்து, இறங்கி வந்து சிவபுரியில் கங்கையோடு சேர்கிறது. படகுகள் தள்ளிவிடப்படுகிற அதே சிவபுரி. இந்த ஹேன்வல் பள்ளத்தாக்குக்கு விவசாய உலகில் தனி மரியாதை உண்டு. 'பீஜ் பச்சாவோ ஆந்தோலன்', அதாவது விதைகளைக் காக்கும் இயக்கம், 1980-களில் இங்கேதான் வேர் பிடித்தது. மரங்களைக் கட்டிப்பிடித்துக் காத்த சிப்கோ இயக்கத்திலிருந்து வந்த விஜய் ஜர்தாரியும் அவருடைய தோழர்களும் ஊர் ஊராக நடந்து நாட்டு நெல், ராஜ்மா, சிறுதானிய விதைகளைச் சேகரித்தார்கள். 'பாரஹ்நாஜா' என்ற பன்னிரண்டு தானியக் கலப்புப் பயிர் முறையை மறுபடி பேச வைத்தவர்கள் அவர்கள். மண்டுவாவை முதன்மையாக வைத்து, கூடவே கொள்ளு, உளுந்து, ராஜ்மா, தண்டுக்கீரை விதை என்று ஒரே வயலில் விதைப்பது அது. மழை ஏமாற்றினால் ஒன்று போகும், இன்னொன்று கைகொடுக்கும். கேழ்வரகுக் கொல்லையில் அவரையும் மொச்சையும் துவரையும் போட்டு எடுத்த தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பெரியவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. 2023-ல் உத்தராகண்டின் மண்டுவா, ஜங்கோரா, கஹத் மூன்றுக்கும் புவிசார் குறியீடும் கிடைத்துவிட்டது.

குறியீடு கிடைத்தாலும் வயலில் ஆள் வேண்டுமே. மாநில அரசு அமைத்த இடப்பெயர்வு ஆணையம் 2018-ல் கொடுத்த அறிக்கையில், 2011-க்குப் பிறகு மட்டும் 734 கிராமங்களில் குடியிருக்க ஆளே இல்லாமல் போனதாகச் சொன்னது. காட்டுப்பன்றியும் குரங்கும் விளைந்ததைத் தின்கின்றன. வயல் துண்டு துண்டாகக் கிடக்கிறது. குடிக்கவே ஊற்றுத் தண்ணீர்தான் ஆதாரம். அந்த ஊற்றுகளும் இமயமலை முழுக்க வற்றிக்கொண்டு வருகின்றன. கங்கைக்கு மேலே இருக்கிற ஊரில் பெண்கள் குடத்தோடு ஊற்றைத் தேடி நடப்பது புதினமில்லை.

பாயும் வயல் வேறு

அப்படியானால் இவ்வளவு தண்ணீரும் எங்கே போகிறது? ரிஷிகேஷின் பசுலோக் தடுப்பணையில் ஒரு பங்கு திரும்பி, சில்லா மின்நிலையத்தில் 144 மெகாவாட் மின்சாரம் தருகிறது. அடுத்து ஹரித்வார். அங்கே பீம்கோடா தடுப்பணையிலிருந்து மேல் கங்கைக் கால்வாய் பிரிகிறது. அதன் தலைமதகின் கொள்ளளவு விநாடிக்கு 10,500 கன அடி. கல்லணைக் கால்வாயின் கொள்ளளவு 4,200 கன அடி என்பதோடு ஒப்பிட்டால் அளவு புரியும். மேற்கு உத்தரப் பிரதேசத்தின் கரும்பும் கோதுமையும் இந்தத் தண்ணீரில் நிற்கின்றன. தசரா முடிந்து தீபாவளி வரை கால்வாயை மூடித் தூர்வாருவது அங்கே வருடாந்தர வழக்கம். மேட்டூருக்கு ஜூன் 12 போல, அவர்களுக்கு அது ஒரு தேதி.

இந்தக் கால்வாயை வெட்டியவர் புரோபி காட்லி. 1854-ல் திறந்தார்கள். இதில் காவிரிக்கும் ஒரு சின்னத் தொடர்பு உண்டு. முக்கொம்பு மேலணையையும் கீழணையையும் 1836-ல் கட்டிய ஆர்தர் காட்டன், பிற்காலத்தில் கங்கைக் கால்வாயைப் பார்த்துவிட்டு அதன் அமைப்பைக் கடுமையாகக் குறை சொன்னார். மலையடிவாரத்தில் தலைமதகு வைத்தது தப்பு, இன்னும் கீழே மணல் படுகையில் அணை போட்டிருக்க வேண்டும் என்பது அவர் வாதம். காவிரியில் மணல்மேல் அணை நிறுத்திக் காட்டியவராயிற்றே. காட்லியும் விடவில்லை, பதிலுக்குப் பதில் எழுதினார். 1870-களில் கீழே நரோராவில் இன்னொரு தலைமதகு கட்டிக் கீழ்க் கங்கைக் கால்வாய் வெட்டினார்கள். இரண்டு பொறியாளர்களின் சண்டையில் யார் சொன்னது சரி என்று இன்றைக்கும் பேசுகிறவர்கள் உண்டு. ஆனால் மதகை மேலே வைத்தாலும் கீழே வைத்தாலும் மலைக்காரருக்குப் பங்கு இல்லை. அந்தச் சண்டையில் அவர் பெயரே வரவில்லை.

துடுப்பில் வரும் வருமானம்

1977-ல் எட்மண்ட் ஹிலாரி ஜெட் படகுகளில் கடலிலிருந்து கங்கையை எதிர்த்து மேலேறி வந்தபோது, இந்த ஆற்றைப் படகில் கடக்கலாம் என்று உலகம் பார்த்தது. 1980-களில் சிவபுரிப் பக்கம் காசு வாங்கிக்கொண்டு படகு விடுவது ஆரம்பமானது. மணல் திட்டுகளில் கூடாரம் அடித்து விருந்தினரைத் தங்க வைப்பதும் கூடவே வளர்ந்தது. கிராமத்துப் பையன்களுக்கு முதலில் கிடைத்தது சமையல் வேலை, கூடாரம் கட்டும் வேலை, படகு தூக்கும் வேலை. ஆற்றோடு பிறந்தவர்கள் என்பதால் சீக்கிரமே துடுப்பும் கைக்கு வந்தது. இன்று ஜீப் ஓட்டுகிறவர், படம் பிடிக்கிறவர், டீக்கடை வைத்திருப்பவர் வரை ஆற்றை நம்பிப் பிழைக்கிற குடும்பங்கள் சாலை நெடுக இருக்கின்றன. வெளியூர் போகாமல் பிள்ளை வீட்டுச் சோறு தின்கிறான் என்பதே மலைக்காரர்களுக்குப் பெரிய விஷயம்.

ஆனால் இந்த வருமானத்தின் மதகு வேறு யார் கையிலோ இருக்கிறது. மணல் திட்டுக் கூடாரங்களால் ஆறு கெடுகிறது என்று தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தில் வழக்குப் போனது. 2015 டிசம்பரில் கௌடியாலா முதல் ரிஷிகேஷ் வரை ஆற்றோர முகாம்களுக்குத் தீர்ப்பாயம் தடை போட்டது. பின்னால் கரையிலிருந்து 100 மீட்டர் தள்ளித்தான் முகாம் இருக்கலாம் என்று ஆனது. 2018 ஜூனில் உத்தராகண்ட் உயர் நீதிமன்றம், ஒழுங்கான சட்டதிட்டம் வரும்வரை படகே விடக்கூடாது என்று நிறுத்தியது. விதிகள் வந்த பிறகே மறுபடி படகு இறங்கியது. தடை நியாயமா என்றால், நியாயம்தான். மலமும் பிளாஸ்டிக்கும் மதுபாட்டிலும் கங்கைக் கரை மணலில் புதைந்தால் கீழே குடிக்கிறவர்கள் என்ன ஆவது? ஆனால் குப்பை போட்டவர் ஒருவர், கூலி இழந்தவர் இன்னொருவர்.

ஆற்றங்கரையை விட்ட முகாம்கள் பிறகு மேலே, பட்டா நிலங்களுக்கு ஏறின. ஹேன்வல் ஓடையோரத்து வயல்களிலும் கூடாரங்கள் முளைத்தன. பல முகாம்களின் முதலாளிகள் வெளியூர்க்காரர்கள். நிலத்தைக் குத்தகைக்கு விட்ட விவசாயிக்கு ஆண்டுக்கு ஒரு தொகை வந்துவிடும், பன்றித் தொல்லை, குரங்குத் தொல்லை இல்லை. அது உடனடி லாபம். ஆனால் ஓடையோர வயல் என்பது அந்த மலையில் அபூர்வமாகக் கிடைத்த பாசன நிலம். கல் அடுக்கி நின்ற படிக்கட்டு வயலைச் சமப்படுத்தி, சிமென்ட் போட்டுக் கழிவறை கட்டிய பிறகு குத்தகை முடிந்து திரும்பி வந்தால், அது வயலாகத் திரும்பி வராது. கொடைக்கானல், ஏலகிரி, வால்பாறைப் பக்கம் விடுதிக்காரர்களுக்கு நிலம் விடலாமா என்று யோசிக்கிறவர்கள் இந்த ஒரு கணக்கை மட்டும் நிதானமாகப் போட்டுப் பார்ப்பது நல்லது.

சொந்த வீட்டின் இரண்டு அறையை விருந்தினருக்கு விட்டு, மண்டுவா ரொட்டியும் கஹத் பருப்பும் போடுகிற குடும்பங்களும் இருக்கின்றன. கூட்டம் குறைவு, காசும் குறைவு. ஆனால் வயல் வயலாகவே இருக்கிறது, விளைந்ததும் வீட்டிலேயே விலை போகிறது. ஒப்பிட்டால் இதுதான் நின்று பலன் தரும். வேடிக்கை என்னவென்றால், படகுகள் பாதிவழியில் இளைப்பாற ஒதுங்கும் ஓர் இடத்தின் பெயரே 'மேகி பாயின்ட்'. மேலே புவிசார் குறியீடு வாங்கிய கேழ்வரகு விளைகிறது, கீழே மைதா நூடுல்ஸ் கொதிக்கிறது.

இன்னொரு கணக்கும் உண்டு, அது எந்தப் பேரேட்டிலும் ஏறாது. படகுப் பருவம் உச்சத்தில் இருக்கும் ஏப்ரல், மே மாதங்கள்தான் மலையில் கோதுமை அறுவடைக் காலம். பிள்ளையும் புருஷனும் ஆற்றில் இருப்பார்கள். கதிர் அறுப்பதும், கட்டைச் சுமந்து படியேறுவதும், அடித்துத் தூற்றுவதும் பெண்கள்தான். கர்வால் மலையில் ஏற்கெனவே ஏர் பிடிப்பது தவிர அத்தனை வேலையும் அவர்கள் தலையில். படகு ஓட்டாத ஜூலை, ஆகஸ்ட் மண்டுவாவுக்குக் களையெடுக்கும் காலம். அந்த இரண்டு மாதம் ஆண்கள் வயலுக்கு வருகிற வீட்டில் மட்டுமே படகும் விவசாயமும் ஒன்றோடு ஒன்று ஒத்துப்போகின்றன. வராத வீட்டில் வயல் புல் மண்டிக்கொண்டிருக்கிறது.

போகிறவர்கள் கேட்கும் கேள்விகள்

நீச்சல் தெரியாது, போகலாமா என்பதுதான் எல்லோருக்கும் முதல் கேள்வி. போகலாம். பிரம்மபுரி அல்லது சிவபுரியிலிருந்து மட்டும். காப்பது நீச்சல் இல்லை, லைஃப் ஜாக்கெட். கிணற்றில் குதித்து வளர்ந்தவர்களுக்கு அது தேவையில்லை என்று தோன்றும். வேண்டாம் அந்த வீறாப்பு. ஓடும் நுரைத்தண்ணீரில் காற்றே பாதி, அது கிணற்றுத் தண்ணீர் மாதிரி ஆளைத் தூக்காது. வார்களை இறுக்கி மாட்டிக்கொண்டு, தோள்பட்டையைப் பிடித்து மேலே இழுக்கச் சொல்லிப் பாருங்கள். ஜாக்கெட் காதுவரை ஏறினால் அளவு சரியில்லை, வேறு கேட்டு வாங்குங்கள்.

விழுந்தால் என்ன செய்வது? மல்லாந்து மிதக்க வேண்டும். கால்கள் ஆறு போகிற திசையில், பாதம் தண்ணீருக்கு மேலே தெரிய வேண்டும். பாறை வந்தால் பாதம் தாங்கும், தலை தப்பிக்கும். முழங்கால் ஆழம்தானே என்று எழுந்து நிற்கவே கூடாது. பாறை இடுக்கில் கால் மாட்டினால் பின்னாலிருந்து தண்ணீர் ஆளைக் கவிழ்த்து அமுக்கிவிடும். படகுக்கு அடியில் மாட்டிக்கொண்டால் கைகளை மேலே ஊன்றி, ஒரே திசையில் நகர்ந்தால் வெளியே வந்துவிடலாம். வழிகாட்டி வீசும் கயிற்றைக் கையில் சுற்றிக்கொள்ளாமல், பிடித்து மார்போடு அணைத்துக்கொள்ள வேண்டும். இன்னொன்று, துடுப்பின் மேல்முனையில் இருக்கும் குறுக்குப் பிடியை எப்போதும் விடாதீர்கள். தண்ணீரைவிட அடுத்தவர் துடுப்புப் பட்டுப் பல் போனவர்கள் அதிகம்.

மேலே வெயில் கொளுத்தினாலும் தண்ணீர் பனிக்கட்டி உருகி வந்தது. விழுந்ததும் மூச்சு முட்டும். கொஞ்ச நேரம் பொறுத்தால் சரியாகும். இதய நோய், வலிப்பு உள்ளவர்கள், கர்ப்பிணிகள், சமீபத்தில் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள் கரையில் இருந்து பார்ப்பதே நல்லது. 14 வயதுக்குக் குறைந்த பிள்ளைகளை ஏற்றக்கூடாது என்பது அங்கே விதி. வயதைக் கூட்டிச் சொல்லி ஏற்றுகிற பெற்றோரும் இருக்கிறார்கள், என்ன சொல்வது!

காசு கட்டுவதற்கு முன் மூன்று விஷயம் கேட்டுவிடுங்கள். உரிமம் இருக்கிறதா, வழிகாட்டியின் பயிற்சிச் சான்று எங்கே, கூடவே காப்பாளர் கயாக் வருமா? சனி, ஞாயிறு கூட்டத்தில் ஒரு ராப்பிட்டில் ஐந்தாறு படகு முட்டிக்கொண்டு நிற்கும். வார நாளில், காலையிலேயே போவது மேல். கயாக் பழக ஆசைப்படுகிறவர்கள் மூன்று நான்கு நாள் ஒதுக்கி, அமைதியான நீரில் தொடங்கும் வகுப்புகளில் சேரலாம்.

சிவபுரிப் பயணம் இரண்டிலிருந்து மூன்று மணி நேரத்தில் முடிந்துவிடும். கரை ஏறும் இடத்துக்கு அருகில், முனி கி ரேதியில், தெய்வீக வாழ்க்கைச் சங்கத்தின் ஆசிரமம் இருக்கிறது. 1936-ல் அதை நிறுவிய சுவாமி சிவானந்தர், தாமிரபரணிப் பாசனத்துப் பத்தமடையில் பிறந்தவர். கோரைப்பாய்க்குப் பேர் போன அதே பத்தமடை. ஈரத்துணியை மாற்றிக்கொண்டு ஒரு நடை போய் வரலாம். அங்கிருந்து ஹேன்வல் பள்ளத்தாக்கு ஏறும் சாலைக்கு வண்டி பிடித்தால், மாலைக்குள் மண்டுவா வயல்களையும் கூல் வாய்க்கால்களையும் பார்த்துவிடலாம். வழியில் மலைக் கிராமத்துப் பெண்கள் கொள்ளும் ராஜ்மாவும் பொட்டலம் கட்டி விற்கிறார்கள். பேரம் பேசாமல் வாங்கிக்கொள்ளுங்கள். முளைக்கிற விதையாகவே வேண்டும் என்றால், அதைத் தனியாகச் சொல்லிக் கேளுங்கள்.